கொலுத் தொம்பை தைக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி, காரணம், தீர்வு

கோயில் மண்டபத்திலும் தேரிலும் தொங்கும் தொம்பையைப் பார்க்காதவர்கள் குறைவு. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்த நீண்ட உருளை, உள்ளே வளையங்கள், அடியில் நாக்கு நாக்காகத் தொங்கல், உடம்பில் தாமரை, யானை, கிளி, யாளி. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தையற்கலைஞர்கள் பெரிய அளவில் செய்துவரும் வேலை இது. அதையே ஒன்றரை அடிக்குச் சுருக்கி, கொலுப்படிகளின் இரு பக்கமும் ஒரு ஜோடி தொங்கவிட்டால் கொலுவின் களையே மாறிவிடும். பாட்டியின் கைத்தையல், அம்மாவின் மெஷின், பிள்ளைகளின் வெட்டும் ஒட்டும், அப்பாவின் கம்பி வளைக்கும் வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் இதில் இடம் உண்டு.

இங்கே எழுதுவது முதலிலிருந்து தைக்கும் பாடமல்ல. ஆரம்பித்துவிட்டு, எங்கோ சிக்கி, ‘இது சரியாக வரவில்லையே’ என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. உங்கள் தொம்பையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் ஒன்றை மட்டும் முன்னால் சொல்லிவிடுகிறேன். தையல் கெட்டவுடன் எல்லோருடைய கையும் மெஷினில் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகுக்குத்தான் போகும். தொம்பை வேலையில் பெரும்பாலான தப்பு மெஷினில் இல்லை. துணியை வெட்டிய விதத்திலும், வளையத்தின் அளவிலும், எதற்குப் பிறகு எதைச் செய்தோம் என்பதிலும் இருக்கிறது. ஆகவே திருகைக் கடைசியாகத் தொடுங்கள்.

அளவுகளைப் பற்றிப் பேசும்போது குழப்பம் வராமலிருக்க ஓர் அடிப்படை: 15 செ.மீ. குறுக்களவுள்ள வளையம் மூன்று (மேல், நடு, கீழ்). அதன் சுற்றளவு ஏறக்குறைய 47 செ.மீ. துணி 50 செ.மீ. அகலம், 48 செ.மீ. உயரம். பக்கத்துக்கு 1 செ.மீ. தையலில் போனால் சுற்றளவு 48. மேலும் கீழும் 1.5 செ.மீ. மடித்தால் உயரம் 45. அடியில் 6 செ.மீ. அகலத்தில் எட்டு நாக்குகள். உங்கள் வளையம் வேறு அளவென்றால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் குறுக்களவை அளந்து பெருக்குவதைவிட, வளையத்தைச் சுற்றி இஞ்சு டேப்பைப் பிடித்து நேரடியாகச் சுற்றளவை எடுப்பதே மேல். கையால் வளைத்த கம்பி ஒருபோதும் சரியான வட்டமாக இருப்பதில்லை.

மெஷின் நகரவே மாட்டேன் என்கிறது

போன நவராத்திரிக்குப் பிறகு மூடியைத் திறக்காத மெஷின் என்றால் இதில் ஆச்சரியமில்லை. பழைய எண்ணெய் பிசினாகி உள்ளே இறுகியிருக்கும். வீட்டில் இருக்கிறதே என்று யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் இறுக்கம் இரு மடங்கு. அது நாளாக ஆக ஒட்டும் ஜாதி. ஊசியையும், கீழ்நூல் சுற்றிய பாபினையும் கழற்றிவிட்டு, எண்ணெய் விடும் ஓட்டைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். பாபினைத் தாங்கும் ஷட்டில் இருக்கும் குழியில் அடைந்திருக்கும் பஞ்சையும் நூல் துண்டுகளையும் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுங்கள். பிறகு கைச்சக்கரத்தை மெதுவாக, உங்கள் பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். இளகும். இளகவில்லை என்றால் பலாத்காரம் வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம் அது.

எண்ணெய் விட்டவுடன் தொம்பைத் துணியை உள்ளே தள்ளாதீர்கள். பழைய வேட்டித் துண்டில் ஒரு மீட்டர் அளவுக்கு ஓட்டி, கறை படியாமல் சுத்தமாக வருகிற வரைக்கும் பொறுத்திருங்கள். இந்த வேலையை வீட்டின் மிகச் சின்னப் பிள்ளையிடம் கொடுக்கலாம்: பக்கத்தில் நின்று, கறை நின்றுவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு.

மிதித்தால் சக்கரம் பின்பக்கம் ஓடுகிறது, நூல் அறுந்துபோகிறது

கால்மிதி மெஷினில் புதிதாக உட்காருகிற எல்லோருக்கும் வருவது. சக்கரம் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். எதிராகச் சுற்றினால் நூல் சிக்கி அறும். முதல் சுற்றைக் கையால் கொடுத்துவிட்டு, அதன்பின் மிதியுங்கள். நூல் கோக்காமல், துணியில்லாமல், மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு வெறுமனே மிதித்துப் பழகினால் கொஞ்ச நேரத்தில் கைவந்துவிடும். சக்கரம் சுற்றியும் மேலே ஊசி அசையவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. தோல் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி, ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக வெட்டி, மறுபடி கொக்கி போடுங்கள்.

ஒருவர் மிதிக்க, இன்னொருவர் துணியைத் தள்ளுவது என்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஊசி விரலில் ஏறுவது இப்படித்தான். மெஷினில் ஒருவர், அவருடைய காலும் கையும் மட்டும்.

அடிப்பக்கம் நூல் கொத்துக்கொத்தாகக் குவிகிறது

அடியில் தெரிவதால் பாபின்மேல் பழி விழும். ஆனால் குற்றவாளி மேல்நூல். துணியை அழுத்தும் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். அப்போது நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு நடுவே போகாமல் வெளியே நின்றுவிடும். பிடிப்பே இல்லாத மேல்நூல் அத்தனையும் கீழே இழுபட்டுக் கொத்தாகிறது. நூல் முழுவதையும் எடுத்துவிட்டு, பாதத்தைத் தூக்கி, முதலிலிருந்து கோத்துவிடுங்கள். மேலும் கீழும் போய்வரும் கொக்கியில் நூல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது நழுவியிருந்தாலும் இதே கூத்துதான்.

தைக்கத் தொடங்கும் இடத்தில் மட்டும் கொத்து வருகிறது என்றால், இரண்டு நூல்களையும் 10 செ.மீ. அளவுக்குப் பாதத்தின் பின்னால் இழுத்து வைத்து, முதல் நாலைந்து தையலுக்கு விரலால் பிடித்துக்கொண்டால் போதும்.

இவ்வளவும் செய்தபிறகும் அடியில் நூல் தளர்ந்து வளையம் வளையமாக நின்றால், இப்போது டென்ஷன் திருகைத் தொடலாம். கால் சுற்று இறுக்கி, துண்டுத் துணியில் பார்த்து, மறுபடி கால் சுற்று. மேற்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் இதற்கு எதிர்ப்பக்கம். பாபின் கேஸைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: நூல் நுனியைப் பிடித்து அதைத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கி இறங்கக் கூடாது; கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.

தையல் நடுநடுவே விட்டுப்போகிறது

ஊசியை மாற்றுங்கள். வீட்டு மெஷின்களில் ஊசி ஒடிந்தால்தான் மாற்றுவது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. முனை மழுங்கிய ஊசி ஒடிந்ததைவிட அதிகம் கெடுக்கும். ஒரே அடுக்குப் பருத்திக்கு 14ஆம் எண் ஊசி. தாமரை, அதன்மேல் இன்னொரு இதழ், கீழே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸ் என்று அடுக்கு கூடும் இடத்தில் 16. பழைய பட்டுப்புடவையை வெட்டி உருவம் செய்கிறீர்கள் என்றால் பட்டுக்கு 11 போதும்; தடித்த ஊசி போட்ட ஓட்டை பட்டில் மறையாது.

புது ஊசி போட்டும் விட்டுப்போனால் அது திரும்பி உட்கார்ந்திருக்கிறது. ஊசியின் மேல்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் ஷட்டிலின் கூர்முனை வந்து நூலைப் பிடிக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நெடுக ஒரு பள்ளம் ஓடும். நூலை அந்தப் பள்ளத்தின் பக்கமிருந்துதான் காதில் நுழைக்க வேண்டும். ஊசி முழுவதும் மேலே ஏறி முட்டியபிறகு திருகை முடுக்குங்கள்.

உருவத்தின் விளிம்பில், அதாவது ஓரடுக்கிலிருந்து நாலடுக்கின் மேட்டுக்கு ஏறும் இடத்தில் மட்டும் விட்டுப்போகிறதா? பாதம் அங்கே முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதே கனத்துக்கு மடித்த துணித்துண்டு ஒன்றைப் பாதத்தின் பின்புறம் அடியில் சொருகினால் பாதம் சமமாகும். அந்த இடத்தை மிதிக்காமல் கைச்சக்கரத்தாலேயே கடந்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் பசை. உருவம் நகராமலிருக்க ஈரப்பசையை அள்ளிப் பூசி, காய்வதற்குள் தைத்தால் அது ஊசியில் ஒட்டி நூலைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, சின்னப் புள்ளிகளாக வைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பசை ஒட்டிய ஊசியைக் கை கழுவும் சானிடைசர் தொட்ட துணியால் துடைக்கலாம். என்னைக் கேட்டால் பசையே வேண்டாம். பாட்டி பெரிய பெரிய கைத்தையலாக ஓட்டி வைத்துவிட்டால் உருவம் அசையாது, மெஷினில் தைத்தபிறகு அந்த நூலை உருவிவிடலாம்.

பாட்டிக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். நூலை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். ஊசிக்காதின் பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்தால் ஓட்டை தெரியும். மலிவாகக் கிடைக்கும் ஊசி கோக்கும் கம்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். எல்லாவற்றையும்விட எளிது, பேரப்பிள்ளைகள் காலையிலேயே பத்து ஊசிகளில் நூல் கோத்து ஒரு பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துவிடுவது. வேலை முடிந்ததும் அதே பத்து ஊசியும் திண்டுக்குத் திரும்பியதா என்று எண்ணுவதும் அவர்கள் பொறுப்பு. குண்டூசிகள் கீழே கொட்டினால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் தரையில் தடவுங்கள்.

பிள்ளை வெட்டும்போது துணி கத்தரிக்கோலுக்குள் மடிகிறது

கத்தரிக்கோல் மொட்டையாக இருக்கலாம், சரிதான். ஆனால் அதே கத்தரிக்கோல் உங்கள் கையில் நன்றாக வெட்டுகிறதென்றால் பிள்ளை இடதுகைப் பழக்கமா என்று பாருங்கள். வலதுகைக்காரர்களுக்குச் செய்த கத்தரிக்கோலை இடக்கையால் பிடித்தால் இரண்டு அலகும் விலகிப்போகும்; துணி நடுவில் மடியும். இடதுகைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது. அதுவரை அந்தப் பிள்ளைக்கு அட்டையில் வார்ப்புரு வரையும் வேலையைக் கொடுங்கள். அதற்கும் ஆள் தேவை. காகிதம் வெட்டும் கத்தரிக்கோலும் துணிக் கத்தரிக்கோலும் தனித்தனியாக இருக்கட்டும். துணிக் கத்தரிக்கோலின் பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிட்டால் சண்டை குறையும்.

யானை இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன

ஜோடித் தொம்பையில் இதைப்போல் மனதை உறுத்துவது வேறில்லை. கொலுவின் இடப்பக்க யானை படிகளை நோக்கி நிற்க, வலப்பக்க யானை படிகளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். காரணம், ஒரே வார்ப்புருவை ஒரே பக்கமாக வைத்து இரண்டு முறை வெட்டியது. இரண்டு துணிகளின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துச் சேர்த்து வெட்டினால் யானைகள் தாமாகவே எதிரெதிராகும். பின்பக்கம் ஒட்டும் கேன்வாஸ் வைத்து, அதன்மேல் படம் வரைபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பின்னால் வரைந்த யானை முன்னால் திரும்பித்தான் தெரியும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்றால்? துணியின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சாதாரணப் பருத்தியானால் ஒரு யானையைப் புரட்டிப் போடுங்கள். மடித்த விளிம்பை இஸ்திரிபோட்டு எதிர்ப்பக்கம் மடியுங்கள். சாட்டின், பட்டு, அச்சுத்துணி என்றால் வேறு வழியில்லை, இன்னொன்று வெட்ட வேண்டும். தப்பாக வெட்டிய யானை வீணல்ல. வாசல் தோரணத்துக்கு ஆகும்.

யானை பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், அது கோளாறு பட்டியலில் வராது. பச்சை யானை நன்றாகவே இருக்கும்.

தைத்த உருவத்தைச் சுற்றித் துணி சுருக்கம் விழுகிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அடிக்கடி வருகிற வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, அடித்துணிக்கு முதுகெலும்பு இல்லை. மெல்லிய பருத்தியின்மேல் கனமான உருவத்தைத் தைத்தால் அடித்துணி இழுபட்டுக் கசங்கும். உருவம் வரும் இடத்தின் பின்னால் கேன்வாஸ் துண்டு ஒன்றை வைத்துச் சேர்த்துத் தையுங்கள். தைத்து முடித்தவர்களும் தையலைப் பிரித்துக் கேன்வாஸைச் சொருகலாம்.

இரண்டாவது, இழையோட்டம் பொருந்தவில்லை. நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவுப் பக்கம் துணி நீளாது, ஊடைப் பக்கம் சற்று நீளும், மூலைவிட்டமாக இழுத்தால் நன்றாகவே நீளும். மிச்சத் துணியில் இடம் போதவில்லையென்று யானையைச் சாய்த்து வெட்டியிருந்தால், தைக்கத் தைக்க அது நீண்டுகொண்டே போய் ஓரத்தில் குமிழியாகும். உருவத்தின் பாவும் அடித்துணியின் பாவும் ஒரே திசையில் இருக்கட்டும்.

மூன்றாவது, வளைவுகளில் மடித்த விளிம்பு. நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு மெஷினில் வெட்டிய விளிம்பை அப்படியே தைத்தால் பிசிறு வரும், அரை செ.மீ. உள்ளே மடித்துத்தான் தைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையில் உருவத்தை வெட்டி, துணியின் பின்னால் வைத்து, விளிம்பை அதன்மேல் மடித்து இஸ்திரிபோட்டுவிட்டு அட்டையை உருவிவிடுங்கள். தும்பிக்கையின் உள்வளைவில் துணி மடிய மறுக்கும். மடிப்புக் கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால்வரை சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்தால் விரிந்துகொடுக்கும். யானையின் முதுகு போன்ற வெளிவளைவில் துணி மிஞ்சும்; அங்கே ஆங்கில ‘வி’ வடிவத்தில் துண்டுகளை எடுத்துவிட வேண்டும். தைக்கும்போது முனை வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்புங்கள்.

சிவப்புச் சாயம் மஞ்சளில் ஏறிவிட்டது

இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு இதைப் படியுங்கள். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். கறைபட்ட இடம் ஈரமாக இருக்கும்போதே, ஓடும் குளிர்ந்த நீரில், பின்பக்கத்திலிருந்து நீர் வரும்படி காட்டுங்கள். காயவிடாமல் திரும்பத் திரும்பச் செய்தால் பெரும்பகுதி போகும். மிச்சம் நிற்கும் இடத்தில் ஓர் இதழோ மணியோ தைத்து மறைக்கலாம்.

உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று அத்தைமார்கள் சொல்வார்கள். உப்புக்கு வேலை சாயம் ஏற்றும்போதுதான். கடையில் வாங்கிய துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை அது கட்டிப்போடாது. நீர் தெளிகிற வரை அலசுவது ஒன்றே வழி. இப்படி முன்கூட்டியே நனைப்பதில் இன்னொரு லாபம், புதுப் பருத்தித் துணி சுருங்குவதும் முன்னாலேயே முடிந்துவிடும். 100 செ.மீ. துணி 3 முதல் 5 செ.மீ. சுருங்குவது சாதாரணம். நனைக்காமல் தைத்த 48 செ.மீ. சுற்றளவு ஒரு துவைப்பில் 46 ஆகிவிட்டால் 47 செ.மீ. வளையம் அதற்குள் ஏறாது.

உருளையாக மூடியபிறகு உள்ளே மெஷின் பாதம் போகவில்லை

போகாது. 48 செ.மீ. சுற்றளவுள்ள குழலின் நடுவே தட்டை மெஷினால் தைக்க முடியாது. உருவங்கள், குறுக்குப் பட்டைகள், சரிகை பார்டர் எல்லாம் துணி தட்டையாக விரிந்திருக்கும்போதே முடிய வேண்டும். பக்கத்தையலை மூடுவது கடைசிக்கு முந்தைய வேலை. ஓர் உருவம் மட்டும் பாக்கி என்றால் பாட்டியிடம் கொடுத்துக் கையால் தைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பாக்கி என்றால் பக்கத்தையலைப் பிரிப்பதே சுலபம், கொஞ்சம் வலிக்கும் என்றாலும்.

வளையம் ஏறவில்லை, அல்லது ஏறிய வளையம் லொடலொடவென்று ஆடுகிறது

ஏறவில்லையென்றால் பக்கத்தையலை 2 மி.மீ. வெளியே தள்ளித் தைத்துப் பழைய தையலைப் பிரியுங்கள். சுற்றளவு 4 மி.மீ. கூடும். அதுவும் போதாவிட்டால் பக்கத்தையலில் வேறு நிறத்தில் ஒரு பட்டை சேர்த்துவிடலாம். பின்புறம் வைத்தால் தெரியாது, முன்புறம் வைத்தால் வேண்டுமென்றே வைத்தது போல இருக்கும். ஆடினால் வளையத்தின்மேல் பழைய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றுங்கள். கம்பித் துரு துணியில் படாமலிருக்கவும் அந்தச் சுற்று உதவும். புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

வளையம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நிற்கிறதென்றால் கம்பி மெலிது. 3 மி.மீ. கம்பி வேண்டும், இரு முனையும் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நூலால் இறுக வரிந்திருக்க வேண்டும். கம்பி வளைக்க வசதியில்லாதவர்கள் எம்பிராய்டரிச் சட்டத்தின் உள்வளையத்தை எடுத்துக்கொள்ளலாம். லேசானது, துருப்பிடிக்காது, வட்டமும் கெடாது.

தொங்கவிட்டால் தொம்பை முறுக்கிக்கொள்கிறது

இந்தக் கோளாறுக்குத்தான் வீட்டில் அதிகம் விவாதம் நடக்கும். கயிற்றைச் சொல்வார்கள், மின்விசிறிக் காற்றைச் சொல்வார்கள், மாட்டியவரைச் சொல்வார்கள். முதலில் வளையங்களை எடுத்துவிட்டு வெறும் துணிக்குழலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்போதும் பக்கத்தையல் செங்குத்தாக இறங்காமல் படிக்கட்டுக் கைப்பிடிபோல் சுற்றி இறங்கினால், துணி இழைக்கு நேராக வெட்டப்படவில்லை.

கடையில் வெட்டித் தரும் விளிம்பை நம்பக் கூடாது. துணியின் ஓரத்தில் ஓர் ஊடை இழையை ஊசிமுனையால் பிடித்து மெதுவாக உருவுங்கள்; குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழும். அதுதான் உண்மையான நேர். அதன்மேல் வெட்டி, அங்கிருந்து மூலைமட்டத்தால் மற்ற பக்கங்களை அளக்க வேண்டும். பாவு எப்போதும் மேலிருந்து கீழாக ஓடட்டும். தொங்கும் எடையைத் தாங்குவது அது.

தைத்துவிட்ட தொம்பைக்கு என்ன செய்வது? முறுக்கு கொஞ்சம்தான் என்றால், கீழ்வளையத்தின் பிடிப்புத் தையலை மட்டும் பிரித்து, முறுக்குக்கு எதிர்த்திசையில் வளையத்தைத் திருப்பி மறுபடி தையுங்கள். அதிகமென்றால் பக்கத்தையலைப் பிரித்து, ஓரிரவு துணியைக் கொடியில் தொங்கவிட்டு, இஸ்திரிபோட்டு, மீண்டும் நேர் வெட்டிச் சேருங்கள். உயரம் ஒன்றிரண்டு செ.மீ. குறையும், ஜோடியையும் அதற்கேற்பக் குறைத்துவிடுங்கள்.

வெறும் துணி நேராகத் தொங்கி, பக்கத்தையலின் முடிவில் மட்டும் மேல்துணி சற்று நீட்டிக்கொண்டு நிற்கிறதா? இது வெட்டின் தவறல்ல. மெஷினின் பல் கீழ்த்துணியை வேகமாக இழுக்கிறது, பாதம் மேல்துணியைத் தடுக்கிறது. இரு முனைகளிலும் முதலில் குண்டூசி குத்தி, பிறகு நடுவில், பிறகு இடைவெளிகளில் குத்தித் தைத்தால் இரண்டும் சேர்ந்தே முடியும்.

ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது

இரண்டு கயிற்றில் கட்டினால் சாயத்தான் செய்யும். மூன்று கயிறு, 16 செ.மீ.க்கு ஒன்று. அதில் ஒன்று பக்கத்தையலின் மேலேயே வரட்டும். மடிப்பு சேரும் அந்த இடம்தான் கனம். மூன்றையும் ஓர் ஊக்கில் சேர்த்து, உயரத்தைச் சரிபார்த்தபிறகு முடிச்சை இறுக்குங்கள். ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏணிமேல் நிற்பவருக்கு எல்லாம் நேராகத்தான் தெரியும்.

நாக்குகள் சுருண்டு மேலே எழுகின்றன

முன்னால் சுருண்டால் முன்துணி சிறிது, பின்னால் சுருண்டால் உள்துணி சிறிது. உள்துணியை எல்லாப் பக்கமும் 1 மி.மீ. மட்டும் குறைத்து வெட்டுவது வழக்கம். தையல் கோடு பின்னால் ஒதுங்கி முன்னால் தெரியாது. அதற்குமேல் குறைத்தால் சுருட்டல். வளைவில் ‘வி’ வெட்டு எடுக்காமல் புரட்டியிருந்தாலும் உள்ளே துணி மடிந்து விறைக்கும். புரட்டிய நாக்கின் முனையைக் கரண்டிக்காம்பால் தள்ளிவிடுங்கள். கத்தரிக்கோல் முனையால் தள்ளினால் பொத்துக்கொள்ளும். நுனியில் ஒரு குஞ்சமோ இரண்டு மணியோ கட்டினால் எடையில் நேராகிவிடும்.

எட்டாவது நாக்குக்கு இடமில்லையா? ஒவ்வொன்றும் 2 மி.மீ. அதிகமானால் எட்டும் சேர்ந்து 1.6 செ.மீ. மிஞ்சும். தைப்பதற்கு முன் கீழ்விளிம்பை நான்காக மடித்துக் குறியிட்டு, ஒரு கால்பாகத்துக்கு இரண்டு நாக்கு என்று குண்டூசி குத்துங்கள். பக்கத்து நாக்கின்மேல் சற்று ஏறினாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறினால் அதுவே அழகு.

ஒரு தொம்பை உயரம், ஒன்று குட்டை

அடிவிளிம்பை மடிப்பதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓரிரவு தொங்கவிட வேண்டும். துணி இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கியபிறகு, மேலிருந்து அளந்து, இரண்டையும் ஒரே உயரத்தில் வெட்டுங்கள். முடிந்துபோன வேலை என்றால் கயிற்றின் நீளத்தில் சரிக்கட்டலாம்: மேல்விளிம்பு சமமாக இருப்பதைவிட நாக்குகளின் வரிசை சமமாக இருப்பதுதான் கண்ணுக்குப் படும்.

மாட்டும் இடத்தையும் அப்போதே பாருங்கள். குத்துவிளக்குச் சுடர் எட்டாத தூரம், காற்றில் ஆடினாலும் எட்டாத தூரம். சாட்டினும் நைலான் நெட்டும் சேர்த்திருந்தால் இன்னும் தள்ளி.

அடுத்த ஆண்டு பெட்டியைத் திறந்தால் துணியில் ஓட்டை

ஓட்டைகள் உருவத்தின் விளிம்பை ஒட்டியே இருந்தால் மைதாப் பசையோ கஞ்சியோ காரணம். மாவுப்பொருளைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். விறைப்பு வேண்டுமென்றால் கேன்வாஸ் வையுங்கள். கஞ்சி போட்ட தொம்பையைப் பெட்டியில் வைக்காதீர்கள். விஜயதசமி முடிந்து கொலு எடுத்ததும் ஒருநாள் நிழலில் காற்றாடவிட்டு, வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி மேலிருந்து அமுக்கித் தட்டையாக்குங்கள். பிளாஸ்டிக் பையில் அல்ல, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை போடுவதென்றால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத பரணில்.

விழுந்துவிட்ட ஓட்டைக்கு, பின்னால் அதே நிறத் துண்டு ஒன்றும் முன்னால் ஒரு சின்னக் கிளியும் போதும். ஜோடியில் மற்றதற்கும் ஒரு கிளி வெட்டிவிடுங்கள், வார்ப்புருவைப் புரட்டிப் போட்டு.